நான் விதைத்தது மணத்தக்காளிதான்

லோத்குண்டா,
ஆடி 24, சனிக்கிழமை.

சிரஞ்சீவி ஹம்ஸினிக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். இன்று காலை ஏழு மணி நிலவரப்படி இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீயும் அங்கே மெல்போர்னில் சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நிலவரம் என்றெல்லாம் எழுதுகிறாரே அப்பா என்று சிரிக்காதே, மூன்று வாரமாக ஒரு வேளை போய் அடுத்த வேளை வருவதே எனக்கு நிச்சயமில்லாத மாதிரி இருக்கிறது, அதனால் அப்படித்தான் எழுத வருகிறது. தினமும் ஃபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் எதற்குத் தபாலில் காகிதம் அனுப்புகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் சொல்ல முடியாது. ஃபோன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள், அதோடு உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்கு தைரியமும் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அம்மாவுக்கு ஃபுட் பாய்சன், ஹோட்டல் சட்னி ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். ஹோட்டலும் இல்லை, சட்னியும் இல்லை. உன் அம்மாவுக்கு விஷம் கொடுத்தவன் நான்தான். வேண்டுமென்று இல்லை, ஆனால் என் கையால் விதைத்து, என் கையால் தண்ணீர் விட்டு, என் கையால் பறித்துக் கொடுத்தேன்.

சித்திரையில் அம்மாவுக்கு வாய் முழுக்கப் புண் வந்து தயிர்சாதம்கூட இறங்காமல் இருந்தது உனக்கு நினைவிருக்கும். பி-காம்ப்ளெக்ஸ், தடவுகிற மருந்து எல்லாம் பார்த்தாகிவிட்டது, கேட்கவில்லை. மணத்தக்காளிக் கீரை மட்டும் கிடைத்தால் நாலு நாளில் சரியாகிவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கே கீரைக்காரிகளிடம் தோட்டக்கூரை, பாலக், கோங்கூரா எது கேட்டாலும் கிடைக்கும், மணத்தக்காளி மட்டும் கிடைக்காது, செகந்திராபாத் மார்க்கெட் வரை போய்க் கேட்டேன், காமஞ்சியா, அது களையாயிற்றே, அதை யார் விற்பார்கள் என்று சிரித்தார்கள். களை என்றால் களை இருக்கிற இடத்தில் தேடவேண்டியதுதான் என்று காலை நடைக்குப் போகும்போது ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டிய காலி மனையில் தேடினேன், மூன்றாம் நாளே கண்ணில் பட்டது. முழங்கால் உயரம், இலை மிளகாய் இலையைவிடக் கொஞ்சம் அகலம், ஓரம் லேசாக நெளிந்து இருந்தது. பூ வெள்ளையாக ஐந்து இதழ், நடுவில் மஞ்சளாக ஒரு மூக்கு, கத்தரிப்பூவின் குட்டி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கொத்தாகத் தொங்கியது. காய் மிளகு பருமன், ஒரே காம்பில் நாலைந்து, பழுத்தது கருநீலம். பூ, காய், பழம் மூன்றும் ஒரே செடியில் பார்த்துவிட்டுத்தான் பறித்தேன், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா ஒரு பழத்தை வாயில் போட்டுப் பார்த்து இதேதான் என்றாள். அன்றைக்குப் பயத்தம்பருப்பு வேகவைத்து, கீரையை நல்லெண்ணெயில் வதக்கி, தேங்காயும் ஜீரகமும் அரைத்துவிட்டு ஒரு கூட்டு செய்தாள், கசப்பு நாக்கில் தெரிந்தும் தெரியாமலும் அவ்வளவு நன்றாக இருந்தது. நாலு நாளில் புண் ஆறியது. பச்சைக் காயை மோரிலும் உப்பிலும் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்து வத்தலும் போட்டாள், வைகாசி முழுக்க எங்கள் வீட்டில் வத்தக்குழம்புதான்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் தலை வீங்கிவிட்டது. முப்பத்தாறு வருஷம் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன், மயிரிழை விரிசல் இருந்தால்கூட சிவப்பு பெயிண்ட் அடித்துத் திருப்பி அனுப்பியவன், எனக்கு ஒரு செடி தெரியாதா என்று ஆகிவிட்டது. நடையில் வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்தினேன். பழுத்த பழங்களைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கிய விதையை எடுத்து நிழலில் காயவைத்து, சாம்பலில் கலந்து, மொட்டைமாடியில் ஏழு க்ரோ பேக் வாங்கி வைத்து வைகாசிக் கடைசியில் தூவினேன். மேலே மெல்லிசாக மண் போட்டு, தினமும் தெளித்துத் தெளித்துத் தண்ணீர் விட்டேன், எட்டாம் நாள் முளைத்துவிட்டது. உனக்குப் படம் அனுப்பினேனே, அதுதான். எந்த மண் தெரியுமா, அதே காலி மனையிலிருந்து இரண்டு கோணி மண் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன், அந்த மண்ணில்தானே அது நன்றாக வளர்கிறது என்று என் புத்திசாலித்தனம். அந்த மண்ணில் வேறு என்ன விதையெல்லாம் விழுந்து கிடக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஆனி கடைசியில் சில செடிகள் மற்றதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்தன, இலை உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. நான் ஊற்றிய புளித்த மோரின் மகிமை என்று உன் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். அப்போதுதான் நீ உன் ஃப்ளாட்டுக்குப் பின்னால் வேலியோரம் இதே மாதிரி ஒன்று முளைத்திருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாய். நான் என்ன எழுதினேன், பூவெல்லாம் வேண்டாம், பழகிய கண்ணுக்கு இலையைப் பார்த்தாலே போதும் என்று எழுதினேன். அதை நீ இப்போதே அழித்துவிடு.

ஆடி பிறந்து மூன்றாம் நாள் சனிக்கிழமை. உனக்குத் தெரியும், புதனும் சனியும் நான் ஜீடிமெட்லாவில் ஒரு சின்னப் பட்டறைக்கு உதிரிபாகங்கள் பார்த்துக்கொடுக்கப் போகிறேன், கையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினால் மூன்று மணிக்குத் திரும்புவேன். அன்று கிளம்புவதற்கு முன்னால் மாடிக்குப் போய் முதல் அறுவடை என்று பெரிய இலையாகப் பார்த்துப் பார்த்து இரண்டு கட்டு பறித்தேன். ஒன்றை அடுப்படியில் அம்மாவிடம் கொடுத்தேன், மற்றதைக் கீழ் வீட்டு ஜுலைகாவுக்கு எடுத்துக்கொண்டு போனேன், அவள் மருமகள் பானு எட்டு மாதக் கர்ப்பம், கீரை சாப்பிட்டால் நல்லதாயிற்றே. ஜுலைகா ஒரு இலையைக் கிள்ளி, விரலில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள். பாய்சாப், யே பத்தா மகோய் நை லக்ரா, பாஸ் ஐசா கைக்கு ஆரா, நக்கோ பகாவ் என்றாள். இது மணத்தக்காளி மாதிரித் தெரியவில்லை, வாடை ஏன் இப்படி அடிக்கிறது, சமைக்க வேண்டாம் என்கிறாள். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள் ஹம்ஸி. நான் சிரித்தேன். ஹவ் ஹவ், மேரேகு மாலூம், மைச் போயா, எனக்குத் தெரியும், விதைத்ததே நான்தான் என்று சொல்லிவிட்டு, கட்டை அவள் கையில் திணித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். இந்த இடத்தை நான் எத்தனை தடவை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன் தெரியுமா. இரண்டு மாடி ஏறினால் போதும். வேதா, அந்தக் கீரையைக் கொட்டிவிடு என்று ஒரு வார்த்தை.

மூன்றேகாலுக்குத் திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. உள்ளே அம்மா சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை, ஆனால் இரண்டு கையும் பூத் தொடுத்துக்கொண்டிருந்தன. இல்லாத பூவை எடுத்து, இல்லாத நாரில் வைத்து முடிச்சுப் போட்டு, நீளம் பார்த்து, மறுபடி எடுத்து. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. வேதா என்று கூப்பிட்டேன், நிமிர்ந்து பார்த்தாள், அந்தக் கண்ணை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், கருவிழி முழுக்கக் கறுப்பாக விரிந்து, பார்வை என்னைத் தாண்டிப் பின்னால் எங்கேயோ போயிற்று. வாங்கோ சார், உக்காருங்கோ, அவர் ஜீடிமெட்லா போயிருக்கார், மூணு மணிக்கு வந்துடுவார், காபி கலக்கட்டுமா என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேதா, நான்தான் என்றேன். நீங்க அவர் ஆபீஸா என்றாள். முப்பத்தெட்டு வருஷம் ஹம்ஸி. நாக்கு குழறியது, உதடு காய்ந்து வெடித்திருந்தது, தொட்டால் உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். எப்படி மாடிப்படி இறக்கினேன், எப்படி ஆட்டோ கிடைத்தது, ஒன்றும் நினைவில்லை. அவள் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள், என் சட்டையிலிருந்து இல்லாத எறும்பைப் பொறுக்கிக்கொண்டே வந்தாள். ஆட்டோவில் அவள் பேசியதைக் கடைசியில் எழுதுகிறேன், அதற்குக் கொஞ்சம் என்னைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

கேஷுவாலிட்டியில் ஒரு சின்ன டாக்டர், உன்னைவிட வயது குறைவாக இருக்கும், இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள், கருவிழி சுருங்கவே இல்லை. உடனே, மத்யானம் ஏம் தின்னாரு அங்கிள், என்று கேட்டாள், மத்தியானம் என்ன சாப்பிட்டார்கள் என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா, வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர், ஐயமே வேண்டாம், கீரைகூட நானே மாடியில் வளர்த்தது. அந்த நிலைமையிலும் எனக்குப் பெருமை. அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு நிதானமாக, அந்தக் கீரையில் கொஞ்சம் எனக்கு இப்போதே வேண்டும் அங்கிள், யாரையாவது கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். யாரை? ஜுலைகாவைத்தான். நம்பரைத் தேடி அழுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது, இன்னொரு கட்டு அவள் வீட்டில் இருக்கிறது. பானு. அவள் வயிற்றுக் குழந்தை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், எடுக்கவில்லை. ஒரு பக்கம் அம்மாவின் வாய்க்குள் குழாய் விட இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அவள் திமிறுகிறாள், இந்தப் பக்கம் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மூன்று பேரைக் கொன்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டே. மூன்றாம் தடவை எடுத்தாள். தொழுகையில் இருந்தாளாம். நான் ஹலோ என்று சொல்வதற்குள், என் மூச்சைக் கேட்டே, மை தோ உஸிச் வக்த் ஃபேக் தீ பாய்சாப், பாபி காயே க்யா என்று கத்தினாள். அந்த நிமிஷமே தூக்கி எறிந்துவிட்டேன், வேதா சாப்பிட்டாளா என்று. ஆமாம், மாடியிலிருந்து அந்தக் கீரையைக் கொஞ்சம் பறித்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். இருபது நிமிஷத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரில் மாடியிலிருந்து பறித்த செடியோடு வந்து நின்றாள், வெறும் இலையாக இல்லை, வேரோடு பிடுங்கியே கொண்டுவந்திருந்தாள். டாக்டர் பார்த்து முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற வயதான நர்ஸம்மா, உம்மெத்த என்றாள். ஊமத்தை. நான் விதைத்தது மணத்தக்காளிதான். மண்ணில் கிடந்து முளைத்தது ஊமத்தை.

வயிற்றைக் கழுவி, கரி மருந்து கொடுத்து, ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். இலை கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கிறது, ஒரு வேளைக் கூட்டுதானே, என் பங்கை ராத்திரிக்கு என்று எடுத்து மூடி வைத்திருந்தாள், அதனால் பிழைத்தாள். எனக்கென்று அவள் எடுத்துவைத்ததால் அவள் பிழைத்தாள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கையைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள், இல்லாவிட்டால் ஊசியைப் பிடுங்குகிறாள். அந்தக் கட்டுக்குள்ளும் விரல்கள் பூத் தொடுத்துக்கொண்டேதான் இருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், நான் யாரென்று அப்போதும் தெரியவில்லை, யாரோ ஆபீஸ்காரர். திடீரென்று ரகசியம் மாதிரி என் பக்கம் சாய்ந்து சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. சார், ஒங்களுக்குத் தெரியுமோ, இன்னிக்குக் கீரை வாடையே சரியில்லே. இலையெல்லாம் பெரிசு பெரிசா இருந்தது. சொல்லலாம்னு வாயெடுத்தேன். சொன்னா, நான் போட்ட வெதை, நீ என்ன கண்டேன்னு ஆரம்பிச்சுடுவார், அப்பறம் ஃபாக்டரி கதையெல்லாம் வரும். அதுக்கு ஒரு மூடி தேங்காயை ஜாஸ்தியா அரைச்சுவிட்டுட்டா முடிஞ்சு போச்சு. முப்பத்தெட்டு வருஷமா அப்படித்தானே, ஒண்ணும் ஆகலையே. சொல்லிவிட்டுச் சிரித்தாள், சார், அவர் நல்லவர்தான், யார் சொன்னாலும் காதுல ஏறாது, அவ்வளவுதான் என்றாள்.

விஷம் என்று தெரிந்து சாப்பிடவில்லை, அவ்வளவு தூரம் அவளுக்குத் தெரியாது. ஆனால் சரியில்லை என்று தெரிந்தது. என்னிடம் சொல்வதைவிடச் சாப்பிட்டுவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது. இத்தனை நாள் என் வீட்டில் சச்சரவே கிடையாது, வேதா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, ஏன் இப்படி நாலு நாள் தாடியோட இருக்கேள் என்றாள். ஒரே நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு மேல் நான் என்ன எழுத. தேங்காய் அரைத்தது வரை நினைவு இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்கிறாள், டாக்டரும் அப்படித்தான் இருக்கும், திரும்ப வராது என்றாள். மூன்று நாலு நாள் எழுத்து படிக்க முடியாமல் மங்கலாக இருந்தது, இப்போது பேப்பர் படிக்கிறாள், சாப்பிடுகிறாள், கோவிலுக்கு நடந்து போய்விட்டு வந்தாள். பயப்பட ஒன்றும் இல்லை. பானுவும் நன்றாக இருக்கிறாள், அடுத்த மாதம் பிரசவம். ஜுலைகா இரண்டு நாளும் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தாள், நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அவள் என்னை முந்திக்கொண்டு அழுகிறாள். மேலே ஏறி வந்து பாபியிடம் சொல்லியிருக்க வேண்டும், நீங்கள் படித்தவர், பெரியவர், உங்களுக்கு மேல் நான் என்ன சொல்வது என்று இருந்துவிட்டேன், அல்லா என்னை மன்னிக்க மாட்டார் என்கிறாள். அவளும் என்னிடம் சொல்லத்தான் பயந்திருக்கிறாள் பார்.

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மாடிக்குப் போய் ஏழு பையையும் ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். பதினொன்று ஊமத்தை. இப்போது பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரிகிற வித்தியாசம். ஊமத்தை இலை காம்போடு சேருகிற இடத்தில் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயுமாகச் சமமில்லாமல் இருக்கிறது, ஓரத்தில் பெரிய பெரிய பல், கசக்கினால் குமட்டுகிற வாடை. ஒரு செடியில் விரல் நீளத்துக்கு மொட்டு விட்டிருந்தது. மணத்தக்காளிப் பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது, இது விரல் நீளம். அந்த மொட்டை நான் பறிப்பதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமையே பார்த்தேன். பார்த்துவிட்டு, தண்ணீர் விட்டுவிட்டு, கீழே இறங்கி வந்தேன். கண்ணில் பட்டது, எனக்குள் போகவில்லை. எல்லாவற்றையும், நல்ல செடியையும் சேர்த்து, கையுறை போட்டுப் பிடுங்கி, ஆடு மாடு வாய் வைக்காமல் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன், மண்ணையும் கொட்டிவிட்டேன். அதனால் உனக்குச் சொல்கிறேன், உன் வேலியோரத்துச் செடியை இலையை மட்டும் பார்த்துத் தொடாதே. பூக்கட்டும், காய்க்கட்டும், கொத்தாக மிளகு மாதிரிக் காய் தொங்கி அது பழுக்கட்டும், அதே செடியில் பார், பக்கத்துச் செடியில் இல்லை. பச்சைக் காயை அப்படியே வாயில் போடாதே. ஒவ்வொரு செடியாகப் பறி, கத்தையாக அறுக்காதே. அந்த ஊர்ச் செடிகளை அறிந்தவர் யாராவது ஒருத்தரிடம் காட்டு, அவர் சந்தேகப்பட்டால் விட்டுவிடு. என் பேச்சை மட்டும் நம்பிச் சாப்பிடாதே.

இனி ஆட்டோ. பாலத்தடியில் சிக்னலில் நின்றபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சார், ஒங்களுக்குப் பொண்ணு உண்டோ என்று கேட்டாள். உண்டு என்றேன், வேறு என்ன சொல்ல. என் பொண்ணு மெல்போர்ன்ல தனியா இருக்கா சார், பங்குனியிலேர்ந்து, ஆதர்ஷ் வேற ஊருக்கே போயாச்சு, ரெண்டு பேருக்கும் சரிப்படலை, பாவம் ஒண்டியா வேலைக்கும் போயிண்டு பொங்கித் தின்னுண்டு இருக்கா, இவர்கிட்ட சொல்லலை, சொன்னா நீ சரியாப் பார்க்கலை, அட்ஜஸ்ட் பண்ணிண்டு போய்ச் சேர்ந்து இருன்னுதான் சொல்லுவார், அது தாங்காது அவளுக்கு, நீங்க அவர் வந்தா சொல்லிடாதேங்கோ என்றாள். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன், செய்த பிறகுதான் கையை விட்டாள். பைத்தியத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொள்ளத்தான் பார்த்தேன். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஐந்து மாதமாக வீடியோவில் மாப்பிள்ளை முகம் இல்லை, ஷிஃப்ட் என்றாய், ஊருக்குப் போயிருக்கிறார் என்றாய், நானும் சரி என்றேன். பங்குனியில் ஒரு நாள் நீ, அப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஆதர்ஷ் விஷயமா என்று ஆரம்பித்தாய். நான் உன்னை முடிக்க விடவில்லை. குடும்பம்னா ரெண்டு பேரும்தான் விட்டுக்கொடுக்கணும், சின்னக் குழந்தை மாதிரி பேசாதே என்று சொல்லிவிட்டு, இந்தா அம்மாகிட்ட பேசு என்று ஃபோனைக் கொடுத்துவிட்டு நியூஸ் பார்க்கப் போனேன். நீ அன்றைக்கு எங்கே நின்றுகொண்டு பேசினாய், சாப்பிட்டிருந்தாயா, எத்தனை நாள் யோசித்து அந்த ஒரு வாக்கியத்தை எடுத்தாய், எனக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து மாதம் என் பெண் அந்நிய ஊரில் தனியாக இருந்திருக்கிறாள், நான் அவளுக்குக் கீரைப் படம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆதர்ஷுக்கு நான் ஃபோன் செய்யவில்லை. அவர் பெயரை எடுத்தேன், பார்த்தேன், வைத்துவிட்டேன். அவர் அப்பாவிடமும் பேசவில்லை. உன்னிடமும் ஏன், என்ன, யார் மேல் தப்பு என்று ஒன்றும் கேட்கப்போவதில்லை. இங்கே வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா, எது உனக்கு நிம்மதியோ அது. வரச் சொன்னால் நானும் அம்மாவும் வருகிறோம், வேண்டாம் என்றால் வரவில்லை.

ஒரே ஒரு காரியம் மட்டும் எனக்காகச் செய். தன் வாயாலேயே உன் ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரியாது, தெரிந்தால் நொந்துபோவாள், உனக்குக் கொடுத்த வாக்கு தவறிவிட்டது என்று படுத்துவிடுவாள். இன்றுவரை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்குக் காலை ஏழு, உனக்குப் பதினொன்றரை, எப்போதும்போலக் கூப்பிடு. அம்மா பக்கத்தில் இருக்கும்போது, அப்பா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்று மறுபடி ஆரம்பி. நீயாகவே சொன்னதாக இருக்கட்டும். முதல் தடவை கேட்கிறவன் மாதிரி கேட்டுக்கொள்கிறேன், ஒரு விதத்தில் அது பொய்யும் இல்லை. நீ சொல்லி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்க மாட்டேன். முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் கோபம் என்று நினைத்துவிடாதே, எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்கு. சகல மங்களமும் உண்டாகட்டும், நீ எடுக்கிற முடிவு எதுவானாலும் அதற்கும் சேர்த்து என் ஆசீர்வாதம். படித்ததும் இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன் அப்பா,
கோவிந்தராஜன்